கையெழுத்துக்கு முன்னர் மூன்று சந்திப்புகள்: பாதுகாப்பான மருந்து வழங்கல் ஆய்வொன்றின் ஒப்புதல் சேவை பற்றிய மதிப்புரை

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் இயங்கும் ஒரு சமூக சுகாதார நிலையத்துக்கு 2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மொழிபெயர்ப்பாளராக மூன்று தடவைகள் போயிருந்தேன். பாதுகாப்பான மருந்து வழங்கல் திட்டத்தில் இருப்பவர்களைப் பற்றிய ஆய்வொன்றில் சேருமாறு ஈழத்தமிழர் ஒருவர் அழைக்கப்பட்டிருந்தார். படிவத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னர் அதிலுள்ளவை முழுவதும் அவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக என்னை வரவழைத்திருந்தார்கள். அந்த விளக்கும் வேலையை, அதாவது அறிந்து தரும் ஒப்புதலைப் பெறுவதற்காக அந்த நிலையம் நடத்திய சேவையை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். நிலையத்தின் பெயரையும் ஆய்வின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். எழுதலாமா என்று அந்த அண்ணரிடம் முதலில் கேட்டேன். எழுதி முடித்ததும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவர் எடுக்கச் சொன்ன இரண்டு விடயங்களை எடுத்துவிட்டேன்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீதியில் விற்கப்படும் தூளில் பென்ரனில் என்ற மிகக் கடுமையான அபின் வகை மருந்து எவ்வளவு இருக்கிறது, வேறு என்னென்ன கலந்திருக்கின்றன என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பல வேளைகளில் விற்பவருக்கும் தெரியாது. அதனால் நேர்ந்த மரணங்கள் பெருகியபோது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஏப்ரல் 14 அன்று பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அதே ஆண்டில் ஒன்ராறியோவின் லண்டன் நகரில், அளவும் தரமும் தெரிந்த மருந்தை மருத்துவரே எழுதிக் கொடுக்கும் முயற்சி தொடங்கியது. 2020 முதல் மத்திய அரசின் நிதி கிடைத்ததும் அது மற்ற நகரங்களுக்கும் பரவியது. இம்மாகாணத்தில் அப்போது பெரும்பாலும் கொடுக்கப்பட்டவை, அதே வகையைச் சேர்ந்த வலி நிவாரணியான ஹைட்ரோமோர்போனின் 8 மில்லிகிராம் குளிசைகள். வீதியில் அவற்றை ‘டில்லி’ என்பார்கள். நான் குறிப்பிடும் அண்ணர் தொழிற்சாலை வேலையில் முதுகில் அடிபட்டு, மருத்துவர் எழுதித் தந்த ஒக்ஸிகொன்ரின் என்ற வலி நிவாரணியைப் பல வருடங்கள் எடுத்தவர்; 2012இல் அந்தக் குளிசை கனடாவில் விற்பனையிலிருந்து நீங்கிய பிறகு வீதியில் வாங்கத் தொடங்கியவர். திட்டத்தில் சேர்ந்த பின்னர் தான் ஒரு தடவைகூட மூச்சடங்கி விழவில்லை என்று என்னிடம் சொன்னார்.

இத்தகையவர்களின் ஒப்புதல் செல்லுபடியாகுமா என்ற கேள்வி நெடுநாளாகவே இருக்கிறது. ஒன்ராறியோவில் கற்பித்த தத்துவப் பேராசிரியர் லூயி ஷார்லான்ட், ஹெரோயின் கொடுத்துச் செய்யப்படும் ஆய்வுக்கு ஹெரோயினில் தங்கியிருப்பவர் ஒப்புதல் தரும் தகுதியுடையவர் என்று எடுத்த எடுப்பில் கருதிவிட முடியாது என 2002இல் வாதிட்டார். விருப்பமே அந்தத் தேவையால் வளைக்கப்பட்டிருக்கும்போது, அந்த விருப்பத்தின் பேரில் வைக்கப்படும் கையெழுத்துக்கு என்ன பெறுமதி என்பதே அவருடைய ஐயம். அதை அக்கறையான ஐயமாகவே மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்த அண்ணர் கேட்ட கேள்விகள், வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் பலர் கேட்பதைவிடக் கூர்மையாக இருந்தன. ஒப்புதலை வளைக்கக்கூடியது வேறொன்று. மருந்துக்குப் போகும் ஒரே வாசல் ஆய்வின் ஊடாகத்தான் இருக்கிறது என்றால், அல்லது அப்படி இருக்கிறது என்று ஒருவர் நம்பிவிட்டால், அவர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மறுக்க மாட்டார்.

வன்கூவரில் நடந்தது அதற்குச் சான்று. வன்கூவரிலும் மொன்றியலிலும் 2005இல் தொடங்கிய நயோமி ஆய்வில் 251 பேர் சேர்ந்தார்கள். மருத்துவத் தரத்திலான ஹெரோயினை ஊசி மூலம் பெற்றவர்களில் 87.8 விழுக்காட்டினரும், ஹெரோயினுக்கு மாற்றாக வழக்கமாகக் கொடுக்கப்படும் மெதடோனைப் பெற்றவர்களில் 54.1 விழுக்காட்டினரும் ஓராண்டு முடிவில் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள். ஆண்டு முடிந்ததும் பயன் தந்த அந்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். அதில் பங்குபற்றியவர்கள் 2011இல் தாங்களே ஒரு சங்கமாகக் கூடி, ஆய்வு முடிந்த பிறகும் மருந்து தொடர வேண்டும் என்பதை முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்தார்கள். அதன் பின்னர் 202 பேருடன் நடந்த சலோமி ஆய்விலும் இதே சிக்கல் எழுந்தது: ஆய்வை முடித்தவர்களுக்கு அம்மருந்தைப் பெறும் வழியை 2013இல் மத்திய அரசு அடைத்தது, ஐந்து நோயாளர்களும் சிகிச்சை நிலையத்தை நடத்திய அமைப்பும் வழக்குத் தொடுத்து, 2014 மே மாதத்தில் தடையுத்தரவு பெற வேண்டியிருந்தது. இவர்கள் எல்லோரும் முறையாகக் கையெழுத்து வைத்துச் சேர்ந்தவர்களே. ஆகவே ஓர் ஒப்புதல் சேவையை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, ‘இல்லை’ என்று சொல்பவருக்கு என்ன நட்டம் வரும், ‘ஆம்’ என்று சொன்னவருக்கு ஆய்வு முடிந்த மறுநாள் என்ன கிடைக்கும் என்பதையே.

முதல் சந்திப்பைக் காலை எட்டரை மணிக்கு வைத்திருந்தார்கள். அது பெரிய பிழை. அவருடைய மருந்தகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அன்றைய குளிசைகளை அவர் இன்னும் எடுக்கவில்லை. படிவத்தின் இரண்டாம் பக்கத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டார், மூக்கு ஒழுகியது, சட்டையின் கையை இழுத்து விடும்போது கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது தெரிந்தது. உரிய நேரத்தில் மருந்து எடுக்காததால் வரும் அந்த அறிகுறிகளை முதலில் கவனித்தவர், சக பணியாளராக, அதாவது தன் சொந்த அனுபவத்தைக் கொண்டு பாவிப்பவர்களுக்குத் துணை நிற்பவராக, அங்கு இருந்த பெண்மணி. தானும் பல வருடங்கள் வீதியில் வாங்கிப் பாவித்தவர் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். ஆய்வு ஒருங்கிணைப்பாளர் அடுத்த பந்திக்குப் போக முற்பட்டபோது அந்தப் பெண்மணி படிவத்தை மூடி வைத்துவிட்டு, “இப்போது நீங்கள் எதற்கும் சம்மதிக்க வேண்டாம். போய் உங்களுடைய மருந்தை எடுங்கள், சாப்பிடுங்கள், வேறொரு நாள் பின்னேரம் வாருங்கள்” என்றார். வந்ததற்கான 30 டொலரையும் அப்போதே காசாகக் கையில் கொடுத்தார். கையெழுத்து வைக்காமல் ஒருவர் எழுந்து போகும்போதும் அந்தக் காசு கொடுக்கப்பட்டதை இந்தச் சேவையின் மிகச் சிறந்த செயலாகக் கருதுகிறேன். அந்தப் பெண்மணி அங்கு இல்லாதிருந்தால், விரைவாக முடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு ஓட வேண்டும் என்ற அவசரத்தில் அண்ணர் அன்றே கையெழுத்து வைத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டாவது சந்திப்பில்தான் தமிழ்ப் படிவத்தை ஆற அமர வாசித்தோம். பதினொரு பக்கங்கள். ஆங்கிலத்தில் ஓரளவு எளிமையாக எழுதப்பட்டிருந்தது தமிழில் கல்லும் முள்ளுமாகக் கிடந்தது. ‘பாதுகாப்பான விநியோகம்’ என்று எழுதியிருந்ததை வாசித்த அண்ணர், “வீட்டுக்குக் கொண்டுவந்து தருவினமோ, பிள்ளை?” என்று கேட்டார். அவரில் குற்றமில்லை, இடம்பெயர்ந்து முகாமில் இருந்த ஒருவருக்கு விநியோகம் என்றால் நிவாரணச் சாமான் பங்கிடுவதுதான் நினைவுக்கு வரும். அதைவிட மோசமானது இன்னொரு சொல். ஆங்கிலப் படிவத்தில் போதைப்பொருள் பாவிப்பவர் என்று மட்டும் இருந்த நான்கு இடங்களிலும் தமிழில் ‘போதைக்கு அடிமையானவர்’ என்று இருந்தது. சொல்லப்பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என் தொழில் ஒழுங்கு என்பதால், இரண்டு படிவங்களும் இந்த இடத்தில் வேறுபடுகின்றன என்பதை ஒருங்கிணைப்பாளருக்கும் அண்ணருக்கும் ஒருசேரச் சொன்னேன். அண்ணர் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தபடி சிறிது நேரம் இருந்தார். தன்னை அடிமை என்று எழுதிய தாளில், தன் சுய விருப்பத்தின் பேரில் சேர்கிறேன் என்று ஒருவர் எப்படிக் கையொப்பமிடுவார்? மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுத்த எவரும் அதை ஒரு தமிழரிடம் வாசித்துப் பார்க்கக் கொடுக்கவில்லை என்பது கண்கூடு.

வாசித்து முடித்ததும், விளங்கியதை உங்களுடைய சொல்லில் சொல்லுங்கள் என்று சக பணியாளர் கேட்டார். ஆய்வு எதைப் பற்றியது, எத்தனை தடவை வர வேண்டும், என்ன கேட்பார்கள் என்பவற்றையெல்லாம் அண்ணர் சரியாகச் சொன்னார். கடைசியாக, “சைன் வைக்காவிட்டால் குளிசை நிற்கும், அவ்வளவுதானே?” என்றார். சேராவிட்டாலும் சிகிச்சை பாதிக்கப்படாது என்ற வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதை நான் வாசித்தும் இருந்தேன். அவர் அதை நம்பவில்லை. ஏனென்றால், ஆய்வுக்கான அறிவித்தலை அவர் கையில் கொடுத்தவர், வாராவாரம் அவருடைய மருந்துச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுக்கும் அதே தாதி. அவர் கெட்ட எண்ணத்தோடு கொடுத்திருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன். ஆனாலும் மருந்து தரும் கை நீட்டும் தாளை மறுப்பது எவருக்கும் எளிதன்று. மருத்துவம் செய்பவரே ஆய்வுக்கும் ஆள் சேர்க்கும்போது நோயாளர் தட்டிக்கழிக்க முடியாத நிலைக்குத் தள்ளப்படலாம் என்று கனடாவின் தேசிய ஆய்வு நெறிமுறைக் கொள்கையே எச்சரிக்கிறது. அண்ணரின் பதிலைக் கேட்டதும் ஒருங்கிணைப்பாளர் அன்றைய சந்திப்பை நிறுத்தி, படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். தாதிக்கு யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்பது தெரிய வராது என்பதையும் அண்ணர் முன்னிலையிலேயே எழுதிக் கொடுத்தார். பிழையைக் கண்ட இடத்திலேயே திருத்த முன்வந்ததை மனதாரப் பாராட்டுகிறேன்.

என்னை மிகவும் வருத்தியது ஒன்பதாம் பக்கம். திட்டத்துக்கான மத்திய அரசின் நிதி 2025 மார்ச் மாதம் முடிகிறது என்பதும், அதற்குப் பின் மருந்து தொடரும் என்ற உறுதியைத் தர முடியாது என்பதும், ‘ஏனைய தகவல்கள்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகளில் இருந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வன்கூவரில் சேர்ந்தவர்களின் அனுபவத்தை அறிந்த எவரும் அந்த இரண்டு வரிகளை முதற் பக்கத்தில், பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மருந்து நின்றால் வேறு மருத்துவரிடம் மாற்றிவிடுவார்களா, மெதடோனுக்குப் போக வேண்டுமா, எத்தனை வாரங்களுக்கு முன்னர் அறிவிப்பார்கள் என்று அண்ணர் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அன்று விடை கிடைக்கவில்லை.

ஹெல்த் கார்ட் இலக்கத்தை வாங்கி, வைத்தியசாலைப் பதிவுகளோடு இணைக்கும் பகுதி வேறுவிதமாகச் சிக்கலானது. அந்த இணைப்பின் பெறுமதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 5,882 பேரின் பதிவுகளைக் கொண்டு 2024 ஜனவரியில் வெளியான ஆய்வு, ஒரு வாரத்தில் நான்கு நாட்களோ அதற்கு மேலோ இவ்வாறு ஓபியொயிட் (அபின் வகை) மருந்து பெற்றவர்கள் அடுத்த வாரத்தில் இறக்கும் அபாயம் 91 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. பதிவுகளை இணைக்காமல் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. என் குறை, படிவம் அதைச் சொன்ன விதத்தைப் பற்றியது. நேர்காணலுக்கும் இந்த இணைப்புக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வைக்கும் கட்டங்கள் இருந்தது நல்லது. ஆனால் இணைத்த பிறகு விலகினால் எந்தத் தரவை அழிப்பார்கள், எதை அழிக்க முடியாது என்பது இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருந்தது. இரகசியத்தின் எல்லைகளும் மேலோட்டமாகவே சொல்லப்பட்டிருந்தன. பிள்ளை ஒன்றின் பாதுகாப்புப் பற்றிய ஐயம் எழுந்தால் அதை அறிவிக்க வேண்டியது ஒன்ராறியோவில் சட்டக் கடமை. நீதிமன்றம் கேட்டால் ஆய்வுக் குறிப்புகளைக் கொடுக்க நேரலாம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பவருக்கும் இன்னும் குடியுரிமை கிடைக்காதவருக்கும் இவை சடங்குக்காக எழுதும் வரிகளாக இருக்க முடியாது. உதாரணத்தோடு சொல்லப்பட வேண்டும். சக பணியாளர் வாய்மொழியாக அப்படிச் சொன்னார். தாளில் அது இல்லை.

மூன்றாவது சந்திப்புக்கு அண்ணர் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். ஓரங்களில் பேனாவால் கேள்விக்குறிகள் போட்டிருந்தார். தமிழ்ப் படிவத்தில் ‘அடிமை’ என்ற சொல் நான்கு இடங்களிலும் நீங்கி, ‘பாவிப்பவர்’ என்று மாறியிருந்தது. மார்ச் மாதத்தைப் பற்றிய வரிகள் முதற் பக்கத்துக்கு வந்திருந்தன. நிதி நின்றால் என்ன செய்வார்கள் என்பதற்கு, வேறு மருத்துவரைத் தேடித் தர முயல்வோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்கவில்லை. தரவு பற்றிய இரண்டு வரிகளும் முன்னர் இருந்தபடியே முரண்பட்டு நின்றன. இந்த நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்கும் தமிழர்களுக்கு, போங்கள், ஆனால் காலை மருந்தை எடுத்த பிறகு போங்கள், சக பணியாளரைக் கூடவே இருக்கச் சொல்லிக் கேளுங்கள், தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள் என்றே சொல்வேன்.

அண்ணர் நேர்காணலுக்கான கட்டத்தில் கையெழுத்து வைத்தார். ஹெல்த் கார்ட் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, “இது வேண்டாம்” என்றார். காரணம் கேட்கப்படவில்லை. சக பணியாளர் அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, திகதியை எழுதி, பிரதியை அவரிடம் கொடுத்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மருந்தகத்தில் அவருடைய குளிசைகள் வழக்கம்போல் எடுத்து வைக்கப்பட்டிருந்ததாக எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.