எலூசிஸ்: விதியைச் சொல்லாமலே ஆடும் சீட்டு

எங்கள் சீட்டுக் கூட்டத்தில் ரம்மியை ஓரங்கட்டிவிட்டு எலூசிஸ் இடம் பிடித்துச் சில வருடங்கள் ஆகின்றன. நீண்ட நாள் ஆடிய பிறகு அதில் என்ன தேறுகிறது, எங்கே இடறுகிறது என்று எழுதி வைக்கலாமென்று தோன்றியது.

ராபர்ட் அபாட் என்ற அமெரிக்கர் 1956இல் உருவாக்கிய ஆட்டம் இது. மார்ட்டின் கார்ட்னர் 1959இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் தன் கணிதப் பத்தியில் எழுதியதும் பலருக்குத் தெரியவந்தது. அபாட் பிறகு செப்பனிட்ட வடிவத்தையும் 1977இல் கார்ட்னரே அதே பத்தியில் அறிமுகப்படுத்தினார். நாங்கள் ஆடுவது அந்தப் புதிய வடிவம்.

சீட்டுப் போடுபவர் ஒரு விதியை யோசித்துத் துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள்வார். முந்தைய சீட்டுக்கு அடுத்து எந்தச் சீட்டு வரலாம் என்பதுதான் விதி. இரண்டு கட்டுகளைச் சேர்த்துக் கலைத்து, மற்றவர்களுக்குத் தலைக்கு 14 சீட்டு. ஒரு முறைக்கு ஒன்றிலிருந்து நான்கு சீட்டு வரை இறக்கலாம். சரியென்றால் வரிசையில் வலப்பக்கம் சேரும். தப்பென்றால் கடைசிச் சரியான சீட்டுக்குக் கீழே போகும். இறக்கியதைப் போல இரண்டு மடங்கு தண்டச் சீட்டு கைக்கு வரும். போடுபவர் வாயிலிருந்து "சரி", "தப்பு" தவிர வேறு பேச்சு வராது.

ஒரு நாள் வரிசை இப்படி ஓடியது: ஆர்ட்டின் 5, ஸ்பேடு 9, டைமண்ட் 3, கிளாவர் ஜாக்கி, ஆர்ட்டின் 6, ஸ்பேடு ராணி. சிவப்பு, கறுப்பு மாறி மாறி வரவேண்டும் என்று பாதிப் பேர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். ஏறி இறங்கி வரவேண்டும் என்பது மீதிப் பேரின் கணக்கு. இரண்டுமே பொருந்துகிறதே! அடுத்து டைமண்ட் 4, சரி. அதன்மேல் ஒருத்தி துணிந்து ஆர்ட்டின் 7ஐ வைத்தாள். சிவப்புக்கு மேல் சிவப்பு, அதுவும் சரி. நிறக் கணக்கு அங்கேயே விழுந்தது. ஏற்ற இறக்கக் கட்சி தெம்பாகக் கிளாவர் 2ஐ இறக்கியது, தப்பு. சிவப்புக்கு அடுத்து பெரிய எண், கறுப்புக்கு அடுத்து சிறிய எண் என்பதுதான் எழுதியிருந்த விதி. ஏற்ற இறக்கக் கணக்கை உடைத்துக் காட்டியது கீழே கிடந்த அந்த ஒரே சீட்டு. மேல்வரிசையை மட்டும் பார்த்து ஆடுபவர்கள் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட 2-4-6 சோதனையும் இதே சங்கதிதான். 2, 4, 6 ஒரு விதிக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட்டு, வேறு மூன்று மூன்று எண்களாகக் கேட்டு அந்த விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். தன் ஊகத்துக்கு ஒத்துப்போகும் எண்களையே பலரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊகத்தை உடைக்கக்கூடிய எண்ணைக் கேட்டவர்கள் குறைவு. எலூசிஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடைத்துப் பார்ப்பதற்கு விலை தண்டச் சீட்டு. ஆகவே யார் எப்போது செலவு செய்வது என்ற கள்ளக் கணக்கு உள்ளுக்குள் ஓடும். பக்கத்தில் இருப்பவர் தப்பாக இறக்கினால் அவருக்குத் தண்டம், நமக்கு இலவசப் பாடம்.

விதி பிடிபட்டது என்று நினைப்பவர் தன்னைத் தீர்க்கதரிசியாக அறிவித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு சரி, தப்பு சொல்வது அவர் வேலை, போடுபவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தீர்ப்பு பிசகினால் பதவி காலி, கூடவே ஐந்து தண்டச் சீட்டு. ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அறிவித்தவர் முகத்தில் தெரியும் தெனாவட்டும், மற்றவர்கள் வேண்டுமென்றே கோணங்கியான சீட்டாகத் தேடி இறக்கி அவரைக் கவிழ்க்கப் பார்ப்பதும் நல்ல வேடிக்கை.

குறை என்றால் எல்லாம் போடுபவர் தலையில்தான் வந்து விழுகிறது. தனக்கு எளிது என்று அவர் நினைக்கும் விதி எதிரே இருப்பவருக்கு மலை. அபாட் இதை யோசித்தே மதிப்பெண்ணை அமைத்திருக்கிறார்: ஆடுபவர்களில் அதிகம் எடுத்தவரின் மதிப்பெண்ணே போடுபவருக்கும் கிடைக்கும். தீர்க்கதரிசி நிலைத்துவிட்டால் அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அவர் பதவியேற்கும் முன் மேசைக்கு வந்த சீட்டுகளின் இரண்டு மடங்கைத் தாண்டாது. யாருமே கண்டுபிடிக்காத விதியாலும் அவருக்கு லாபமில்லை, உடனே பிடிபடும் விதியாலும் இல்லை. காகிதத்தில் இது அருமையான ஏற்பாடு. ஆனாலும் புத்திசாலித்தனத்தைக் காட்ட வந்தவரை எந்த மதிப்பெண்ணும் தடுப்பதில்லை. சிவப்பு ராஜாவுக்கு அடுத்து என்ன என்று யோசிக்காமல் மேலே சொன்ன மாதிரி விதியை எழுதினால் வரிசை அங்கேயே முட்டிக்கொள்ளும். ராஜாவுக்கு மேலே ஏஸ் என்று சுற்றிவிட்டால்தான் ஆட்டம் நகரும். இன்னொன்று, போடுபவர் ஒரு தடவை தப்பான தீர்ப்புச் சொல்லிவிட்டால் அந்தச் சுற்றைக் கலைத்துவிடுவதே மேல்.

மேசை பெரிதாக வேண்டும். நேரமும் பிடிக்கும். புதியவர்கள் இருந்தால் கணித ஆசிரியர் ஜான் கோல்டன் 2006இல் சுருக்கிய 'எலூசிஸ் எக்ஸ்பிரஸ்' நல்லது. அதில் தீர்க்கதரிசி கிடையாது, சரியாக இறக்கியவர் விதியை வாய்விட்டே ஊகிக்கலாம்.

விதியைச் சொல்லித்தராமலே ஆடும் மாவோ என்ற இன்னொரு சீட்டாட்டத்தை ஆடியவர்கள் இதையும் அதையும் ஒன்றாகப் பார்ப்பதுண்டு. அதில் விதி தெரியாதவர் திணறுவதே மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு; ஜெயித்தவர் புதிதாக இன்னொரு ரகசிய விதியைச் சேர்ப்பார். கூட்டத்தில் புதிதாக ஒருவர் வந்தால் இரண்டே சுற்றில் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார். எலூசிஸில் எல்லாரும் ஒரே இருட்டில்தான் தொடங்குகிறோம். நான்கிலிருந்து ஆறு பேர், சரியான அளவு.