ஃபேஜ் சுத்திகரிப்பு: மோனோலித்தோடு மூன்று வருடம்

ஃபேஜ் என்றால் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் ஃபேஜ்களை வளர்த்துச் சுத்தம் செய்வது என் அன்றாட வேலை. முன்பெல்லாம் பெக் 8000 (பாலிஎத்திலீன் கிளைக்கால்) என்ற பாலிமர்தான் கதி. ஃபேஜ் உடைத்த பாக்டீரியாக் கரைசலான லைசேட்டில் 1 மோலார் உப்பும் 10% பெக்கும் கலந்து இரவு முழுக்கக் குளிரில் வைத்து, காலையில் சுழற்றினால் குழாய்ச் சுவரில் வெள்ளையாக ஒரு தீற்றல் தெரியும். அதுதான் ஃபேஜ், கூடவே பாக்டீரியாக் குப்பையும். அதைச் சீசியம் குளோரைடு அடுக்குகளில் ஏற்றிச் சுழற்றி, நீலம் பாய்ந்த வெண்வளையத்தைப் பார்க்கும் சந்தோஷமே தனி. ஆனால் ஒரு தடவைக்குச் சில மில்லிதான் தேறும்.

அதனால்தான் மோனோலித்துக்கு மாறினேன். மோனோலித் என்பது ஒரே துண்டாக வார்த்த பாலிமர்; லைசேட்டை அதன் வழியே செலுத்தினால் ஃபேஜ் அதில் ஒட்டிக்கொள்ளும். இதே வேலைக்கான மணிமணியான ரெசினின் நுண்துளைக்குள் 200 நானோமீட்டர் நீள டி4 ஃபேஜ் நுழையாது, மேல்தோலில் மட்டுமே ஒட்டும். மோனோலித்தின் வாய்க்கால்களோ மைக்ரோமீட்டர் அகலம். ஃபேஜ்கள் பெரும்பாலும் எதிர்மின் சுமை கொண்டவை என்பதால் மோனோலித்தில் உள்ள நேர்மின் சுமைகொண்ட குவாட்டர்னரி அமீன் கப்பென்று பிடித்துக்கொள்ளும், உப்பை ஏற்றினால் விட்டுவிடும். ஒரு லிட்டர் லைசேட்டும் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் மாதமே அடைத்துக்கொண்டது. செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ, பைப்பெட்டில் எடுத்தால் வெண்டைக்காய்க் கொழகொழப்பாய் நூல் விடும். அதற்கும் எதிர்மின் சுமைதான். அன்றிலிருந்து டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி போட்டு, 0.45, 0.22 மைக்ரான் வடிகட்டிகளில் இறக்காமல் எதையும் ஏற்றுவதில்லை.

அடுத்த பாடம், ஒரு ஃபேஜின் செய்முறை இன்னொன்றுக்கு ஒத்துவராது. ஒருமுறை வெளிவரும் திரவம் புற ஊதா ஒளியை உறிஞ்சுவதைக் காட்டும் வரைபடத்தில், 280 நானோமீட்டரில் கோபுரம் மாதிரி பீக் வந்தது. ஆசையாகப் பாக்டீரியா வளரும் தட்டில் போட்டு மறுநாள் பார்த்தால், விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பிளேக் (ஃபேஜ் பாக்டீரியாவைக் கொன்ற தெளிந்த புள்ளி). வந்ததெல்லாம் புரதம்! இப்போது பீக்கை நம்புவதில்லை, தட்டைத்தான் நம்புகிறேன்.

பெரிய தலைவலி எண்டோடாக்ஸின், அதாவது பாக்டீரியா மேலுறையிலிருந்து வரும் நச்சு. அதுவும் எதிர்மின் சுமைக்காரன், ஃபேஜின் வாலைப் பிடித்துக்கொண்டே வெளியே வரும். ரத்தநாளத்தில் ஏற்றும் மருந்துக்கு வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 5 எண்டோடாக்ஸின் அலகு. 60 கிலோ ஆளுக்கு 300. 2016-ல் சான் டியாகோவில், மருந்துக்கு மசியாத பாக்டீரியாத் தொற்றில் கிடந்த டாம் பேட்டர்சனுக்கு ஃபேஜ் ஏற்றியபோதும் இதைக் குறைக்கத் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது. நான் லைசேட்டை மோனோலித்தில் ஏற்றுவதற்கு முன் ஆக்டனால் என்ற கரைப்பான் கொண்டு ஒரு தடவை கழுவிவிடுகிறேன். அதன்பின் ஆக்டனாலைப் போக்குவது இன்னொரு வேலை.

ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் பெக்கும் சீசியமும் போதும், காசை மிச்சப்படுத்துங்கள். நோயாளிக்குப் போகிற சரக்கென்றால் மோனோலித் வாங்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் 1 மோலார் காஸ்டிக் சோடாவில் கழுவியும் என்னுடையது இப்போது முன்னளவு பிடிப்பதில்லை. அடுத்ததற்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறேன்.