பிராக் வார இறுதிச் சுற்றுலா: பேருந்துக்கும் படுக்கைக்கும் கொடுத்த பணம் வீணில்லை

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்காக அங்குள்ள மாணவர் குழு ஒன்று ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் செக் நாட்டின் தலைநகரான பிராக்குக்கு வார இறுதிச் சுற்றுலா நடத்துகிறது. வெள்ளிக்கிழமை பிற்பகல் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் இந்தப் பயணத்துக்குத் தலைக்கு எண்பது யூரோவுக்குச் சற்றுக் குறைவாக வாங்குகிறார்கள். போக வரப் பேருந்து, விடுதியில் இரண்டு இரவுத் தங்கல், காலை உணவு, வழிகாட்டியுடன் நகர நடை ஆகியவை இந்தக் கட்டணத்தில் அடக்கம். படகுச் சவாரி, இரவு மதுக்கூட உலா, செக் விருந்து ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். முதல் பருவ மாணவர்கள் இதில் சேரலாமா என்று கேட்டால் சேரலாம் என்றே சொல்வேன். ஆனால் அடிப்படைக் கட்டணத்தோடு நிறுத்திக்கொண்டு, கூடுதலாக விற்கப்படும் எதையும் வாங்காமல், அட்டவணையையும் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொண்டால்தான் கொடுத்த பணத்துக்கு ஈடான பயணமாக இது அமையும்.

பேருந்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. இருக்கைகள் சுத்தமாக இருந்தன. கழிவறை மட்டும் போகும்போதும் வரும்போதும் பூட்டியே கிடந்தது. லைப்சிக்கிலிருந்து டிரெஸ்டன் வழியாகப் பிராக் சுமார் 250 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். வழியில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்பது உண்மைதான். டிரெஸ்டனிலிருந்து ரயிலில் சென்றால் எல்பே ஆறு மணற்பாறைக் குன்றுகளுக்கு நடுவே வளைந்து வருவதை இடப்பக்கச் சன்னலில் அமர்ந்து நெடுந்தூரம் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் கடைசி நேரத்தில் எடுக்கும் ரயில் பயணச்சீட்டின் விலையையும் வார இறுதியில் பிராக்கில் ஒரு படுக்கைக்குக் கேட்கும் தொகையையும் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு, இந்தக் குழு வாங்கும் கட்டணம் நியாயமானதுதான் என்பது விளங்கிவிடும்.

விடுதி ஜிஷ்கோவ் பகுதியில் இருந்தது. பழைய தொழிலாளர் குடியிருப்புகளும் மலிவான மதுக்கூடங்களும் நிறைந்த இந்தப் பகுதியை எங்கிருந்து பார்த்தாலும், 216 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரமும் அதன் மீது தவழ்ந்து ஏறும் முகமில்லாத குழந்தைச் சிற்பங்களும் கண்ணில் படும். எட்டுப் பேர் தங்கும் அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, தனி மின்செருகி, பூட்டு போடக்கூடிய இழுப்பறை. படுக்கை விரிப்பு தந்தார்கள். துண்டுக்குத் தனிக் காசு. ஒவ்வொரு இரவுக்கும் தலைக்கு 50 கொருனா (செக் நாணயம்) நகரத் தங்கல் வரி உண்டு என்பதை விளம்பரத்தில் எங்கும் சொல்லாமல், வரவேற்பு மேசையில் வரிசையில் நிற்கும்போது ரொக்கமாகக் கேட்டது சரியில்லை. ஒரு யூரோவுக்கு 24, 25 கொருனா என்ற கணக்கில் அது பெரிய தொகை அல்ல. இருந்தாலும் கையில் உள்ளூர்ப் பணம் இல்லாமல் இரவு ஒன்பது மணிக்கு வந்து இறங்குபவர்களுக்கு அது தொல்லைதான்.

அந்தத் தொல்லை நேரே பண மாற்றத்துக்கு இட்டுச் சென்றது. குழுவை நடத்திய மாணவர் எங்களில் சிலரைப் பழைய நகரத்தின் விளிம்பில் இருந்த ஒரு நாணய மாற்றுக் கடைக்கு அழைத்துப் போனார். வாசலில் கமிஷன் இல்லை என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே கொடுத்த விகிதமோ சந்தை விகிதத்தை விட வெகுவாகக் குறைவு. கமிஷன் வாங்காமல் விகிதத்திலேயே லாபத்தை ஒளித்துவைப்பது இந்த நகரத்தின் பழைய தந்திரம். அதைத் தடுக்கும் விதமாக 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 1000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதைக் காட்டி ரத்து செய்து, கொடுத்த பணத்தை அப்படியே திரும்பப் பெறலாம். இந்த விதியைத் தெரிந்து வைத்திருந்த வங்கதேசத் தோழி ஒருத்தி அரை மணி நேரத்தில் திரும்பிச் சென்று ரசீதைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். உள்ளே இருந்த பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு தாளை எடுத்து நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு யூரோ நோட்டுகளை எண்ணி வைத்தார். சுற்றுலா நடத்துபவர்கள் முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டிய செய்தி இது. அட்டையில் பணம் செலுத்தும்போது யூரோவிலா கொருனாவிலா என்று கருவி கேட்டால் எப்போதும் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். தங்கல் வரியைப் போன்ற சில்லறைச் செலவுகளைத் தவிர மற்ற எதற்கும் ரொக்கம் அநேகமாகத் தேவைப்படாது.

சனிக்கிழமை காலை நடைதான் இந்தப் பொதியின் முக்கிய அம்சம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி நன்றாகப் பேசினார், சிரிக்க வைத்தார், நேரத்துக்கு முடித்தார். ஆனால் பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்துக்கு முன் நிறுத்தி, அதைச் செய்த ஹனுஷ் என்ற கைவினைஞரின் கண்களை நகர மன்றம் பிடுங்கிய கதையை வரலாறாகவே சொன்னார். அந்தக் கடிகாரத்தை உண்மையில் செய்தவர் கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்பது எப்போதோ தெளிவாகிவிட்டது. கண் பிடுங்கிய கதை பின்னால் வந்த கட்டு. கடிகாரத்தில் எலும்புக்கூடு மணியடிப்பதையும், இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் சன்னலில் வந்து போவதையும், இறுதியில் சேவல் கூவுவதையும் எல்லாரும் கைப்பேசியில் பிடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் நின்றது தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகளின் மேல். 1621 ஜூன் 21 அன்று அதே இடத்தில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேருக்கான அடையாளங்கள் அவை. வழிகாட்டி அவற்றைச் சுட்டிக்காட்டவே இல்லை.

இதைவிடப் பெரிய விடுபடல் நாரொத்னி த்ரீடா சாலையில் நேர்ந்தது. அந்தச் சாலையின் வளைவு நடைபாதை ஒன்றில், மேல்நோக்கி நீண்ட கைகளும் 17.11.1989 என்ற தேதியும் பொறித்த சிறிய வெண்கலப் பலகை இருக்கிறது. 1939ஆம் ஆண்டு அதே நவம்பர் 17 அன்று நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடி, ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்று, 1,200 மாணவர்கள் வரை சாக்சன்ஹாவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அந்த நாளை நினைவுகூர்ந்து பிராக்கின் அல்பெர்தோவ் பகுதியில் கூடி நகருக்குள் ஊர்வலமாக வந்த மாணவர்களை இந்தச் சாலையில்தான் காவல்துறை வளைத்து அடித்தது. அந்த அடியில் தொடங்கிய எழுச்சியில் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்து, டிசம்பர் 29 அன்று நாடக ஆசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானார். உலக மாணவர் தினம் நவம்பர் 17இல் அமைந்திருப்பதற்கு 1939இல் நடந்த அந்த அடக்குமுறைதான் காரணம். மாணவர்களுக்காக மாணவர்கள் நடத்தும் சுற்றுலா அந்தப் பலகையைத் தாண்டி, எதிரே உள்ள பேரங்காடியில் இலவசக் கழிவறை இருக்கிறது என்ற அறிவிப்போடு நகர்ந்ததை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. கழிவறைத் தகவல் பயனுள்ளதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அட்டவணைக்கு வருகிறேன், ஏனெனில் இந்தச் சேவையின் மெய்யான கோளாறு அங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் யூதர் பகுதியான யோசெஃபோவ், ஞாயிறு காலை பிராக் கோட்டை என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தொழுகைக்கூடங்களும் பழைய இடுகாடும் சனிக்கிழமை ஓய்வு நாள் என்பதால் திறப்பதே இல்லை. கோட்டைக்குள் உள்ள புனித விதுஸ் பேராலயமோ ஞாயிறு காலை வழிபாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் நண்பகலுக்குப் பிறகுதான் பார்வையாளர்களை அனுமதிக்கிறது. ஆகவே சனிக்கிழமை மூடிய கதவுகளையும், ஞாயிறு காலை பேராலயத்தின் வெளிச்சுவரையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். அதற்கு ஒரு காசும் செலவில்லை. நாங்கள் சிலர் குழுவிடம் சொல்லிவிட்டு அப்படித்தான் செய்தோம், அவர்களும் தடுக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் கோட்டைக்கு ஏறினால் முற்றங்களுக்குக் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனை இருந்தால் அதை மட்டும் கடக்க வேண்டும். 1344இல் தொடங்கி 1929இல் முடிந்த பேராலயத்தின் பின்பகுதியில் இலவசமாக நிற்கலாம் என்றாலும், செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூக்கா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சன்னலை நிதானமாகப் பார்க்க விரும்புபவர்கள் சீட்டு வாங்குவது நல்லது; மாணவர்களுக்குச் சலுகை உண்டு. ஞாயிறு காலை யோசெஃபோவில் உள்ள பின்காஸ் தொழுகைக்கூடம். இந்த ஊரில் கையிருப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பணம் கொடுத்து நுழைய வேண்டிய இடம் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். நாஜிகளால் கொல்லப்பட்ட செக், மொராவிய யூதர்களில் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுவதும் கையால் எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், ஆட்களின் பெயர், பக்கத்தில் பிறந்த தேதி, கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதி. ஒரே குடும்பப் பெயரின் கீழ் ஒரே இறுதித் தேதியோடு நான்கைந்து பெயர்கள் வரும்போது, அவர்கள் ஒரே வண்டியில் ஏற்றப்பட்டவர்கள் என்பது யாரும் சொல்லாமலே தெரிகிறது. மாடியில் தெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள் உள்ளன.

தனிக் கட்டணம் கட்டும் நிகழ்ச்சிகளில் மதுக்கூட உலா மிக மோசமானது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை நிறுவனங்கள் வழிநடத்தும் மதுக்கூட உலாக்களுக்குப் பிராக் நகர நிர்வாகம் 2024 இலையுதிர் காலத்தில் தடை விதித்துவிட்டது. குழுவினர் அதை மாலை ஏழு மணிக்கு நகர்த்தி, அவசர அவசரமாக மூன்று இடங்களைக் காட்டிவிட்டுப் பத்து மணிக்குத் தெருவில் விட்டுவிட்டார்கள் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். குடிக்காதவர்களுக்கும் அதே கட்டணம். செக் விருந்தில் சைவர்களுக்குக் கிடைத்தது பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் மட்டுமே; அந்தப் பதார்த்தம் அந்த நாட்டு உணவகங்களில் எங்கும் கிடைக்கும், விருந்தின் விலையில் பாதிக்கும் குறைவாக. சைவம் சாப்பிடுபவர்களுக்கு தாபா பியாஸ் என்ற பெயரில் நகரில் உள்ள எடை போட்டு விற்கும் உணவகங்களைச் சொல்வேன். பருப்பு, சோறு, காய் என்று தட்டில் வேண்டிய அளவு எடுத்து நிறுத்துக் காசு கொடுத்துவிட்டு உட்காரலாம். காரம் அறவே இல்லை, ஆனால் வயிறு நிறையும். தெருவெங்கும் பழைய செக் தின்பண்டம் என்று விற்கப்படும் சுருள் கேக் சுற்றுலாக்காரர்களுக்காகப் பரவிய பண்டம். சூடாக இருக்கும்போது சுவைதான், பழமை மட்டும் பொய்.

ஊருக்குள் சுற்றுவதற்கு ட்ராம் போதும். ஜிஷ்கோவிலிருந்து 9ஆம் எண் வண்டி வாத்ஸ்லாவ் சதுக்கத்தைக் கடந்து தேசிய நாடக அரங்கு வரை செல்கிறது. காகிதச் சீட்டை மஞ்சள் பெட்டியில் செருகி நேரம் பதித்துக்கொண்டால்தான் அது செல்லும். பதிக்காத சீட்டு சீட்டே இல்லை என்பதுதான் பரிசோதகர்களின் கணக்கு. படகுச் சவாரிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து, ஞாயிறு பிற்பகல் வீஷெஹ்ராத் கோட்டை மேட்டுக்குப் போகலாம். அனுமதி இலவசம், வல்தாவா ஆறு முழுவதும் தெரியும், அங்குள்ள இடுகாட்டில் இசையமைப்பாளர்கள் ஸ்மெதனாவும் த்வொர்ஷாக்கும் அடக்கமாகியிருக்கிறார்கள். 1989இல் மாணவர்கள் கூடிய அல்பெர்தோவ் அந்த மேட்டுக்கு அருகிலேயே இருக்கிறது.

திரும்பும் வழியில் எல்லையில் பேருந்து நின்றது. 2023 அக்டோபர் முதல் செக் எல்லையில் ஜெர்மனி மீண்டும் சோதனை நடத்துவதால் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆனால் குழு அனுப்பிய மின்னஞ்சலில் அடையாள அட்டை எடுத்து வரவும் என்று ஒற்றை வரி மட்டுமே இருந்தது. அது ஐரோப்பிய மாணவர்களுக்குப் போதும். இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் அசலாகவே வைத்திருக்க வேண்டும், கைப்பேசியில் உள்ள படம் செல்லாது. வதிவிட அனுமதியை நீட்டிக்க விண்ணப்பித்துவிட்டுத் தற்காலிகச் சான்றிதழை மட்டும் வைத்திருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிய பணத்தை எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் குழு திருப்பித் தருவதில்லை. பெயரை மாற்றி வேறொருவரை அனுப்ப மட்டும் பயணத்துக்கு முந்தைய வாரம் வரை அனுமதிக்கிறார்கள்.