கிரியேட்டினினா, ஈஜிஎஃப்ஆரா? வயசானவங்க ரிப்போர்ட்ல எதைப் பாக்கணும்

கிரியேட்டினின்ங்கிறது கிட்னி வடிகட்டி வெளியேத்துற ரத்தக் கழிவு, கிட்னி மெதுவானா இது ஏறும். ஈஜிஎஃப்ஆர்ங்கிறது கிட்னி எவ்வளவு நல்லா வடிகட்டுதுன்னு காட்டுற நம்பர், கிட்னி மெதுவானா இது இறங்கும். அப்பா அம்மா ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு "கிரியேட்டினின் நார்மல்தானே, அப்புறம் ஏன் ஈஜிஎஃப்ஆர் கம்மியா காட்டுது"ன்னு நிறைய பேர் குழம்பிப் போறாங்க, அதான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துரலாம்.

செலவு:
கிரியேட்டினின் – சாதாரண ரத்த டெஸ்ட், விலை கம்மி.
ஈஜிஎஃப்ஆர் – தனியா ரத்தம் வேண்டாம், அதே கிரியேட்டினினோட வயசு, ஆணா பொண்ணான்னு சேத்துப் போடுற கணக்குதான்.

வயசு:
கிரியேட்டினின் – தசையில இருந்து வர்றது. வயசானா தசை குறையும், அதனால கிட்னி மெதுவானாலும் நம்பர் நார்மலாவே நிக்கும், இதுதான் ஏமாத்துற இடம்.
ஈஜிஎஃப்ஆர் – 2021 சிகேடி-எபி (ஈஜிஎஃப்ஆர் கணக்குப் போடுற ஒரு ஃபார்முலா)ல கிரியேட்டினின் 1.1 போட்டுப் பாருங்க, 25 வயசுப் பையனுக்கு சுமார் 95 வரும், 75 வயசு பாட்டிக்கு சுமார் 52தான். ஒரே 1.1!

கோளாறு:
ஜிம் பாடி, நிறைய கறி சாப்பிட்டவங்களுக்கு கிரியேட்டினின் ஏறும், ஈஜிஎஃப்ஆரும் அதோட சேந்து தப்பா இறங்கும். ரொம்ப மெலிஞ்சவங்களுக்கு உல்டா. சந்தேகம்னா டாக்டர்கிட்ட சிஸ்டாட்டின் சி (தசையை அவ்வளவா சார்ந்திராத இன்னொரு கிட்னி ரத்த டெஸ்ட்) கேளுங்க, விலை கூடுதல்தான்.

60 வயசு தாண்டினவங்களுக்கு என் ஓட்டு ஈஜிஎஃப்ஆருக்குத்தான். ஒரு தடவை ஈஜிஎஃப்ஆர் 60க்கு கீழ போனா பயந்துராதீங்க, 3 மாசத்துக்கு மேல அப்படியே இருக்கான்னு பாக்கணும், கூடவே யூரின் ஆல்புமினும் (யூரின்ல புரதம் கசியுதான்னு பாக்குற டெஸ்ட்). திடீர்னு வாந்தி பேதி, ஆஸ்பத்திரி அட்மிஷன்னா முன்ன இருந்த கிரியேட்டினினோட ஒப்பிடுறதுதான் சரி, குழந்தைங்களுக்கு உயரம் வச்சுப் போடுற ஃபார்முலாவே வேற.