அபு சிம்பெல் ஒருநாள் சுற்றுலா: வண்டி நன்று, வரலாறு அரைகுறை

எகிப்தின் அஸ்வானிலிருந்து, பண்டைய அரசர் இரண்டாம் ராம்சேஸ் பாறையில் குடைவித்த கோயில் இருக்கும் அபு சிம்பெலுக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் பாலைவனச் சாலை. விடியுமுன் புறப்பட்ட வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது, ஓட்டுநரும் நிதானமானவர். போக்குவரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை, குறையெல்லாம் விளக்கத்தில்தான்.

கோயிலுக்குள் நின்று விளக்க வழிகாட்டிகளுக்கு அனுமதி இல்லையாதலால், படங்களைக் காட்டி எல்லாவற்றையும் வெளியிலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1960களில் கோயிலைத் துண்டுதுண்டாக அறுத்து, அஸ்வான் உயர் அணையால் உருவான நாசர் ஏரியின் நீர் எட்டாதபடி சுமார் 65 மீட்டர் மேலே நிறுவிய வரலாற்றை எங்கள் வழிகாட்டி சுவையாகவே சொன்னார். ஆனால் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளோடு கி.மு. 1274-இல் இன்றைய சிரியாவில் நடந்த காதேஷ் போரை, 'இரண்டாம் ராம்சேஸின் மாபெரும் வெற்றி' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அரண்மனை பரப்பிய செய்தியை இன்றும் அப்படியே ஒப்பிக்க வழிகாட்டி எதற்கு?

பெருமண்டபத்தின் வடக்குச் சுவரே அவர் சொன்னதை மறுக்கிறது. பிடிபட்ட ஹிட்டைட் ஒற்றர்கள் இருவரைத் தடியால் அடித்து உண்மையை வரவழைக்கும் காட்சி கீழ்ப்பகுதியில் இருக்கிறது. எதிரி வெகுதொலைவில் அலெப்போ பக்கம் இருப்பதாக முன்பு வந்த இருவர் சொன்ன பொய்யை நம்பி, நான்கு படைப்பிரிவுகளில் ஒன்றோடு மட்டும் முந்திச் சென்று பாளையமிறங்கிய ராம்சேஸுக்கு, ஹிட்டைட் அரசர் மூவத்தல்லியின் படை காதேஷ் நகருக்குப் பின்னாலேயே மறைந்திருப்பது அப்போதுதான் தெரியவந்தது. வந்துகொண்டிருந்த இரண்டாம் பிரிவை ஹிட்டைட் தேர்கள் சிதறடித்துப் பாளையத்துக்குள்ளும் புகுந்தன. தக்க தருணத்தில் வந்துசேர்ந்த துணைப்படை இல்லாவிட்டால் அரசர் தப்பியிருப்பது கடினம். ஒரோண்டஸ் ஆறு சூழ்ந்த அந்த நகரம் கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை. அவர் எகிப்து திரும்பியபின், எகிப்தின் பக்கம் சாய்ந்திருந்த அண்டை நாடான அமுர்ருவும் ஹிட்டைட்டுகளிடமே மீண்டது.

பின்கதையை எங்கள் குழுவில் யாரும் கேள்விப்படாமலே திரும்பியிருப்பார்கள். கிழக்கே அசிரியா வலுத்துவர, அண்ணன் மகனை அகற்றி ஹிட்டைட் அரியணை ஏறிய மூன்றாம் ஹட்டுசிலிக்கும் எகிப்தின் நட்பு தேவைப்பட்டதால், கி.மு. 1259 அளவில் இரு பேரரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. பிறகு ஹட்டுசிலியின் மகளையே ராம்சேஸ் மணந்தார். அத்திருமணத்தைப் பதிவுசெய்த கல்வெட்டு கோயில் முகப்பின் தென்கோடியிலேயே நிற்கிறது. எங்கள் வழிகாட்டி அதைக் கைகாட்டக்கூட இல்லை; கூட்டமும் பெருஞ்சிலைகளோடு படமெடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது.

கோயிலைப் பார்த்தால் போதும் என்பவர்கள் இச்சுற்றுலாவைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். போரில் ஆர்வமுள்ளவர்கள் முன்பே படித்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் வடக்குச் சுவருக்குச் செல்வது நல்லது. முடிந்தால் அவ்வூரிலேயே ஓர் இரவு தங்கி, காலை வேன்கள் திரும்பியபின் பாருங்கள். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அவற்றில் இரண்டு ஓட்டுநருக்கு உரியவை.