கணக்கு வீட்டுப்பாடம்: சொல்லிக்கொடுப்பதா, கேட்டுக்கொண்டு உட்காருவதா?

52 − 37. என் மகள் 25 என்று எழுதியிருந்தாள். "தப்பு, 15 வரணும்" என்று சொல்லி, கடன் வாங்கிக் கழிப்பதை நானே ஒரு தடவை செய்து காட்டினேன். தலையை ஆட்டினாள், அழித்துவிட்டு 15 என்று எழுதினாள். அடுத்த கணக்கு 63 − 28. அதற்கு 45 என்று எழுதினாள்.

மறுநாள்தான் கேட்கத் தோன்றியது: "2-லிருந்து 7 எப்படிம்மா போச்சு?" உடனே பதில் வந்தது. "7தானே பெரிசு, அதிலிருந்து 2 போனா 5." அவள் கவனக்குறைவாகச் செய்யவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று தனக்குள் ஒரு விதி வைத்திருந்தாள், அதைத் தவறாமல் பின்பற்றினாள். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து 1978-இல் காட்டியதும் இதைத்தான்: பல பிழைகள் தாறுமாறானவை அல்ல, அவற்றுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கான தவறான விதி இருக்கிறது. விடையைத் திருத்தினால் அந்த விதி அப்படியே உள்ளே தங்கிவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதையும், கேள்வி கேட்டுப் பிள்ளைகளையே பேசவிடுவதையும் அந்த நாளிலிருந்து மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். வேகம் என்று பார்த்தால் சொல்லிக்கொடுப்பதுதான். இரண்டு நிமிடத்தில் முடிகிற கணக்கு, கேள்வி கேட்க ஆரம்பித்தால் பத்து நிமிடம் ஆகும். இரவு நேரமாகி, குழந்தை கண்ணைக் கசக்கும்போது கேள்வி மேல் கேள்வி கேட்பது கொடுமை. அப்போது ஒரு கணக்கைச் செய்து காட்டிவிட்டுத் தூங்க அனுப்புவதில் தப்பே இல்லை.

இன்னொரு இடத்திலும் சொல்லிக்கொடுப்பதே சரி. கோணமானியை எந்தப் புள்ளியில் வைப்பது, கூட்டலும் பெருக்கலும் சேர்ந்து வந்தால் எதை முதலில் செய்வது: முதலாவது ஒரு கருவியைக் கையாளும் முறை, இரண்டாவது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்ட வழக்கம். இவற்றை யாராவது காட்டித்தான் தர வேண்டும். "நீயே யோசி" என்றால் குழந்தை என்ன செய்யும், பாவம்.

ஆனால் காரணம் புரிய வேண்டிய இடத்தில் கேள்வியின் பக்கம்தான் நான் நிற்பேன். ½ + ⅓ = 2/5 என்று எழுதிய குழந்தைக்குப் பொதுப் பகுதி காண்பதைத் திரும்பச் சொல்லலாம். அல்லது இப்படிக் கேட்கலாம்: "2/5 பாதியைவிடப் பெரிசா, சின்னதா?" 5-இல் பாதி இரண்டரை, அதனால் 2/5 பாதிக்கும் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபிறகு எப்படிப் பாதியைவிடக் குறைந்தது? இந்த இடத்தில் குழந்தை சற்று நேரம் பேசாமல் இருக்கும். அந்த மௌனத்தை நாம் கலைக்கக் கூடாது. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான், இப்போதும் வாய் துறுதுறுக்கிறது.

சொல்லிக்கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் கற்ற முறையும் பிள்ளை கற்கும் முறையும் ஒன்றாக இருக்கும் என்பதில்லை. 52 − 37-க்கு எண்கோட்டில் 37-லிருந்து 40-க்கு 3, 50-க்கு 10, 52-க்கு 2, மொத்தம் 15 என்று தாவித் தாவிச் செய்யும் குழந்தையிடம் "இதெல்லாம் என்ன, இப்படிப் போடு" என்று கடன் வாங்கவைத்தால், இரண்டு முறையும் கலங்கிப்போகும். கேட்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. "உங்க டீச்சர் எப்படிச் செஞ்சாங்க, எனக்குக் காட்டு" என்றாலே போதும்.

கணக்கு என்றாலே பயப்படும் பெற்றோருக்கு இது முக்கியம். அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கணக்கைக் கண்டு பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது, அவர்களின் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணிதத்தைக் குறைவாகவே கற்றார்கள், பயமும் கூடியது. அடிக்கடி உதவாதபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. இதைப் படித்துவிட்டு "அப்போ நான் விலகிக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டாம். அதே ஆண்டு வெளியான, சிகாகோ பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வில், பெற்றோரும் முதல் வகுப்புக் குழந்தையும் ஒரு செயலியில் குட்டிக் கதைக் கணக்குகளைச் சேர்ந்து படித்தார்கள்; அதிகம் பலன் பெற்றது பயந்த பெற்றோரின் குழந்தைகள்தான். பதற்றமில்லாமல் கூட இருப்பது உதவுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். கேள்வி கேட்க விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

செயலி என்றதும் கேமராவைக் காட்டினால் படிப்படியாக விடை தருபவை நினைவுக்கு வரும். பெரிய வகுப்பு இயற்கணிதத்தில், விடை சரியா என்று கடைசியில் பார்த்துக்கொள்ள நல்லவை. குழந்தை முயலும் முன்பே கையில் கொடுத்தால் அது நோட்டை நிரப்பும், அவ்வளவுதான்.

தனியே விட்டுவிடுவது? செய்யத் தெரிந்த கணக்குகளுக்கு அதுவே சிறந்தது. வாய்ப்பாடு நன்றாக வரும் பிள்ளையின் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருப்பது தொந்தரவுதான்.

எந்த வழியிலும் முடியாத நாள் வரும். அன்றைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள்: தவறான விடையை நீங்கள் அழித்துச் சரியாக்கி அனுப்பாதீர்கள். முயன்றது அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் "இங்கே நின்றுவிட்டோம்" என்று எழுதிவிடுங்கள். என் மகளின் 25-ஐ நான் அழிக்கவைக்காமல் விட்டிருந்தால், அவளுடைய ஆசிரியருக்கு அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்திருக்கும்.