செல்லப்பிராணிக் காப்புறுதி பல்லுக்குக் கைகொடுக்குமா? ஆறு வருட அனுபவம்

லண்டனில் பொமரேனியன் குட்டியொன்றை வாங்கியிருக்கும் என் தங்கையின் மகன், போன கிழமை மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் எனக்குத் தொலைபேசி எடுத்து, "மாமா, காப்புறுதியில பல்லுக்கும் காசு தருவாங்களா?" என்று கேட்டான். ஊர் திரும்புமுன் லண்டனில் டைகர் என்ற நாய்க்கும் சின்னி என்ற பூனைக்கும் ஆறு வருடங்கள் தவறாமல் தவணைப்பணம் கட்டியவன் என்பதால் அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

'பல் வைத்தியம் உள்ளடங்கும்' என்ற வரியைக் கண்டு மகிழ்ந்த நான், எந்தப் பல் வைத்தியம் என்று பார்க்கவில்லை. விபத்தில் உடைந்த பல்லும் நோயால் கெட்ட பல்லும் காப்புறுதிக்கு வெவ்வேறானவை. மலிவான காப்புறுதிப் பத்திரங்கள் பல முதலாவதை மட்டுமே ஏற்கும். பற்காறையைச் சுரண்டும் வழமையான சுத்திகரிப்பு பொதுவாக நம் செலவுதான்.

இரண்டாம் வருடம் டைகர் மான்கொம்புத் துண்டைக் கடித்து, மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லைப் பிளந்துகொண்டான். மயக்க மருந்து, எக்ஸ்ரே, பல் பிடுங்கல் என்று 640 பவுண் ஆனது. ஒவ்வொரு கோரிக்கையிலும் நாம் ஏற்கவேண்டிய 99 பவுண் போக, மிகுதி 541 பவுணும் மூன்று கிழமைக்குள் வந்துசேர்ந்தது. அதனால்தான் அடுத்த வருடம் அத்தனை அசட்டையாக இருந்தேன்.

சின்னி உணவை ஆசையாகக் கவ்வி, தலையை ஒருபக்கம் சாய்த்து, அப்படியே கீழே போட்டுவிடத் தொடங்கினாள். ஈறோரத்தில் மிளகளவில் ஒரு சிவப்பு. பல்லின் திசுவை உடலே கரைத்துவிடும் இந்நோய் பூனைகளில் பரவலானது என்றும், பல் துலக்கித் தடுக்கக்கூடியதல்ல என்றும் மிருக வைத்தியர் விளக்கினார். பூனையின் முப்பது பற்களில் இரண்டு போயின. பத்திரத்தில் நோய்ப் பிரிவு இருந்தும் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. முந்திய 12 மாதங்களுக்குள் பல் பரிசோதனை நடந்ததற்குப் பதிவில்லை என்பதே காரணம். தடுப்பூசிக்குக் கொண்டுபோன நாளில் வைத்தியர் அவளது வாயைத் திறந்து பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அவர் அதை எழுதியிருக்கவில்லை. கோபப்பட்டு இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். நிபந்தனை ஏழாம் பக்கத்தில் இருந்ததால் பயனில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் "பல்லைப் பார்த்ததாக ஒரு வரி எழுதிவிடுங்கள்" என்று கேட்டே வாங்கினேன். ஐந்தாம் வருடம் சின்னியின் வேறொரு பல் கெட்டபோது பணம் தந்தார்கள். அந்தப் பதிவு நமக்கு எதிராகவும் திரும்பக்கூடும். சுத்திகரிப்புத் தேவை என்று வைத்தியர் எழுதியும் நாம் அதைச் செய்யாமல் விட்டால், அதையே காட்டி மறுக்கலாம். வேறு நிறுவனத்துக்கு மாறினால் ஏற்கெனவே பதிவான ஈறுநோய் 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும் என்பதால், தவணைப்பணம் ஏறியும் நான் மாறவில்லை.

மருமகனின் குட்டிக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. சிறிய இன நாய்களில் பாற்பல் விழாமல் தங்கிவிடுவது வழமை. அதைப் பிடுங்கும் செலவைப் பல பத்திரங்கள் ஏற்பதில்லை. எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கச் சொன்னேன். பத்திரம் வாங்கிய பின் நோய்களுக்குப் பெரும்பாலும் 14 நாள் காத்திருப்பும் உண்டு என்பதால், ஈறு சிவந்த பிறகு ஓடிப்போய்ப் பயனில்லை.

இப்போது கல்லடி வீட்டில் அம்மாவின் பூனை இருக்கிறது. அதற்குக் காப்புறுதி கிடையாது. ஞாயிறு காலையில் மீன் வெட்டும் நேரம் பார்த்து, அதன் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்த்துக்கொள்கிறேன்.